நின்றுபோன விண்டோஸ் அப்டேட்: மூன்று தீர்வுகள், எது எப்போது?

விண்டோஸ் அப்டேட் ஒரே விழுக்காட்டில் மணிக்கணக்காக அசையாமல் நின்றால், வழக்கமாக மூன்று தீர்வுகள் சொல்லப்படுகின்றன: அப்டேட்டின் பதிவிறக்கக் கோப்புறையைப் புதிதாக்குவது; விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் (DISM), எஸ்எஃப்சி (SFC) என்ற இரு பழுதுநீக்கும் கட்டளைகளால் விண்டோஸின் கணினிக் கோப்புகளைச் சீராக்குவது; இருக்கும் விண்டோஸின் மேலேயே விண்டோஸை மறுபடி நிறுவுவது. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோல் பேசப்பட்டாலும், ஒவ்வொன்றும் சரிசெய்வது வேறு வேறு பழுதை. ஆகவே அப்டேட் எந்தக் கட்டத்தில் நின்றது, எந்தப் பிழை எண்ணைக் காட்டியது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 70070 என்று முடியும் எண் வந்தால் வட்டில் இடம் போதவில்லை என்றே பொருள். அதற்கு இந்த மூன்றில் எதுவும் தேவையில்லை, இடத்தைக் காலிசெய்தால் போதும்.

பதிவிறக்கத்திலேயே நின்றுவிடும் அப்டேட்டுக்கு முதல் வழியே பொருத்தமானது. விண்டோஸ் அப்டேட், பின்னணியில் பதிவிறக்கத்தைக் கவனிக்கும் பிட்ஸ் (BITS) ஆகிய சேவைகளை நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ (SoftwareDistribution) கோப்புறையின் பெயரை மாற்றி, சேவைகளை மீண்டும் இயக்கினால், கணினி புதிய கோப்புறையை உருவாக்கிக்கொண்டு பதிவிறக்கத்தை முதலிலிருந்து தொடங்கும். பலர் அந்தக் கோப்புறையை அழித்துவிடுகிறார்கள். பெயரை மாற்றினால் பழையதற்குத் திரும்பும் வழி இருக்கும் என்பதால் அதுவே மேல். செட்டிங்ஸில் தெரியும் அப்டேட் வரலாறு மறைந்துபோகலாம், ஆனால் ஏற்கெனவே நிறுவப்பட்டவை அப்படியே இருக்கும். பத்து நிமிட வேலை. ஆனால் பதிவிறக்கம் முழுமையாக முடிந்து, மறுதொடக்கத்தின்போது ஒவ்வொரு முறையும் ‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்று பின்வாங்கும் கணினியில், இதையே நான்கைந்து முறை செய்துபார்ப்பது பெரும்பாலும் வீண்.

அந்த இடத்தில்தான் இரண்டாவது வழி வருகிறது. இதில் கட்டளைகளின் வரிசை முக்கியம், அதையே பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி, பழுதான கோப்புக்குப் பதிலாக நல்ல நகலை விண்டோஸின் உள்சேமிப்பிலிருந்து எடுக்கிறது; அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் அதனால் பயன் இல்லை. சேமிப்பைச் சீராக்குவது டிஸ்ம். எனவே டிஸ்மை முதலிலும் எஸ்எஃப்சியைப் பிறகும் நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். டிஸ்ம் சில நேரம் ஒரே எண்ணில் பல நிமிடங்கள் நிற்கும். பதறி மூடிவிடக் கூடாது. அது இயல்பாக நல்ல கோப்புகளைத் தேடிப் போவது விண்டோஸ் அப்டேட்டிடம்தான் என்பதால், அப்டேட் சேவையே கெட்டிருக்கும் கணினியில் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று தோற்றுவிடும். அப்போது அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது விண்டோஸை நிறுவுவதற்கான முழுக் கோப்பை, மூலமாகக் காட்ட வேண்டியிருக்கும்.

ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கும் அளவுக்கு வந்துவிட்டால், என் கணிப்பில், மூன்றாவது வழிக்கே போய்விடுவது நல்லது. ஐஎஸ்ஓவைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை இயக்கி, கோப்புகளும் செயலிகளும் இருக்கட்டும் என்ற தெரிவை எடுத்தால், கணினிக் கோப்புகள் முழுவதும் புதிதாகின்றன. சொந்தக் கோப்புகளும் செயலிகளும் தங்கிவிடுகின்றன. ஃபார்மேட் செய்வதே கடைசி வழி என்று நம்பி எத்தனையோ பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நாள்கணக்கில் செயலிகளைத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்த மூன்றாவது வழிக்குப் பல ஜிபி காலியிடமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படும். ஐஎஸ்ஓவின் மொழியும் பதிப்பும் பொருந்த வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து நிறுவினால் செயலிகளைத் தக்கவைக்க முடியாது. ஆகவே விண்டோஸ் திறக்கவே மறுக்கும் கணினிக்கு இது உதவாது. அங்கே, விண்டோஸ் திறக்காதபோது பழுதுபார்க்க உதவும் மீட்புச் சூழலுக்குள் போய், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்க வேண்டும். எந்த வழியானாலும் தொடங்குமுன் முக்கியமான கோப்புகளை வெளியே நகலெடுத்து, வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிழை எண்ணை முதலில் பார்க்கச் சொல்வதற்கு 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 (KB5034441) என்ற அப்டேட் நல்ல சான்று. பல கணினிகளில் அது 70643 என்று முடியும் பிழையுடன் தோற்றது. காரணம், மீட்புச் சூழல் இருக்கும் பார்ட்டிஷனில், அதாவது வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியில், போதிய இடமில்லாதது. கோப்புறையைப் புதிதாக்குவதும் டிஸ்மும் அந்தப் பார்ட்டிஷனின் அளவைத் தொடுவதே இல்லை. அதை 250 எம்பி பெரிதாக்குவதே மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு.