செவன் மாடல் கார் கிட்: இரும்பு சூப்பர், பேப்பர் தான் இல்ல

மொதல்லயே சொல்லிடுறேன், வித்தவங்க பேர் போட மாட்டேன், எனக்கு வர வேண்டிய சாமான் ரெண்டு இன்னும் அவங்ககிட்ட தான் இருக்கு. வெளியூர் பார்ட்டி. வீட்லயே வெல்டு வெச்சு மாட்டிக்கிற ரெண்டு சீட்டு ஓபன் கார் கிட். 1957ல இங்கிலாந்துல லோட்டஸ் செவன்னு ஒண்ணு வந்துச்சே, நீள மூக்கு, கண்ணு மாதிரி வெளிய நிக்கிற லைட்டு, அந்த ஜாடை.

1,65,000 கட்டிட்டு மூணு மாசம் கழிச்சு சேலம் சீலநாயக்கன்பட்டி பார்சல் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, குட்டியானைல ஏத்திட்டு வந்து கன்னங்குறிச்சில எங்க வீட்டு ஷெட்ல எறக்குனேன். நம்பர் குத்தி வெட்டுன ஒரு இன்ச் சதுர பைப்பு, பைபர் மூக்கு, மட்காடு நாலு, பிராக்கெட் ஒரு மூட்டை, ஸ்டீரிங் நடு ராடு, அவ்ளோதான். இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் பழைய ஆம்னில இருந்து நாம கழட்டிக்கணும். ஏன் ஆம்னின்னா, மாருதி 800லயும் அதே 796 சிசி மூணு சிலிண்டர் தான், ஆனா அதுல இஞ்சின் குறுக்க நின்னு முன்சக்கரத்த இழுக்கும், ஆம்னில நீளவாக்குல உக்காந்து புரொப்பல்லர் ஷாப்ட் போட்டு பின்சக்கரத்த தள்ளும், செவனுக்கு அது தான் தோது. நான் கார்புரேட்டர் வண்டியா தேடி வாங்குனேன், வயரிங் தலைவலி கம்மி. வண்டிய வெட்றதுக்கு முன்னாடி ஆர்சி விஷயத்த முடிச்சுக்கங்க, பிரிச்சுட்டா 14 நாளுக்குள்ள ஆர்டிஓல சொல்லணும்னு சட்டத்துலயே இருக்கு.

பைப்பு வெட்டுனதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. மூலைக்கு மூலை வெச்சுப் பாத்தா நகம் நுழையாது, அவ்ளோ சுத்தம். பைபர் மூக்கும் வழவழன்னு இருக்கு, தட்டுனா டொக்குனு சத்தம் வருது. இதுக்கு மட்டும்னா பத்துக்கு ஒம்போது கண்ண மூடிட்டு போடுவேன்.

ஆனா மூட்டைய தலைகீழா கொட்டிப் பாத்தும் ஒரு கையேடு கெடையாதுங்க. ஒரே ஒரு ஏ4 பேப்பர், அதுல கார் படம், போன் நம்பர். அந்தக் காலத்துல இங்கிலாந்துல உதிரியா வாங்குனா வரி இல்ல, ஆனா மாட்டுற முறை எழுதிக் குடுத்தா வரி போடுவாங்கன்னு, லோட்டஸ்காரங்க பிரிக்கிற முறைய எழுதிக் குடுத்து தலைகீழா படிச்சுக்கங்கன்னாங்களாம், ஒரு கதை உண்டு. நம்மாளுங்க அதக்கூட குடுக்கல. போன் பண்ணா "வாட்ஸப்ல வீடியோ அனுப்புறேன் சார்"னு சொல்றாங்க, வந்தது குட் மார்னிங் மட்டும்.

மொத அடி ஃப்ரேம்ல. நான் ஒரு பக்கத்துல ஆரம்பிச்சு வரிசையா முழு வெல்டு வெச்சுட்டே போனேன், சூட்டுல இழுத்துக்கிச்சு, மூலைவிட்டம் ரெண்டையும் டேப் பிடிச்சா 7 எம்எம் வித்தியாசம். எல்லாத்தையும் மொதல்ல டாக் மட்டும், அதாவது அங்கங்க பொட்டு வெல்டு மட்டும் வெச்சு, மூலைவிட்டம் பாத்து, அப்புறம் எதிர் எதிர் மூலையா மாத்தி மாத்தி வெல்டு போடணும், இது வெல்டருங்களுக்கு பால பாடம், எனக்கு யார் சொன்னா? கிரைண்டர்ல அறுத்து திரும்ப பண்ணதுல ஒரு வாரம் போச்சு.

ரெண்டாவது தான் பயந்தது. ஆம்னில டிரைவர் முன்சக்கரத்து மேலயே உக்காந்திருப்பாரு, இதுல நாம பின்னாடி தள்ளி கால நீட்டி உக்காருறோம், அதனால ஸ்டீரிங் நடு ராடு நீளமா, ரெண்டு முனைலயும் யுனிவர்சல் ஜாயிண்ட், அதாவது ராடு வளைஞ்ச கோணத்துலயும் சுத்த விடுற ஃபோர்க் மூட்டு போட்டு வருது. மாட்டி திருப்புனா ஒரு முழு சுத்துக்குள்ள ரெண்டு தடவ இறுக்குது, ரெண்டு தடவ லூசாகுது. ரேக், அதான் ஸ்டீரிங் திருப்புனா முன்சக்கரத்த திருப்புற பல்லு கம்பி, போச்சுன்னு நெனச்சு வேற ரேக் வாங்கி 2,800 தண்டம், அப்பவும் அதே தான். கடைசில கொண்டலாம்பட்டில லாரி ஜாயிண்ட் வேல பாக்குற மேஸ்திரி ஒருத்தர கையோட கூட்டிட்டு வந்தேன். குனிஞ்சு பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, ராடோட ரெண்டு முனை ஃபோர்க்கும் ஒரே நேரா இருக்க வேணாமுங்களா? இது ஒண்ணு கெழக்க பாக்குது ஒண்ணு வடக்க பாக்குது. லாரில அம்புக்குறி பாக்காம எவனும் மாட்ட மாட்டானுங்க." ஒரு போல்ட்ட கழட்டி, ராடு சொருகியிருக்குற பல்லு வரியில இருந்து அத உருவி, கால் சுத்து திருப்பி சொருகுனாரு. வெண்ண மாதிரி சுத்துது. சும்மா இருக்கட்டும்னு பல்லுக்கு குறுக்க வெள்ள பெயிண்ட்ல ரெண்டு அம்பும் வெச்சுட்டாரு. காசு வாங்கல, ரெண்டு தட்டு வடை செட்டும் டீயும் தான். கிட் காரங்க ஒரு வரி எழுதிருந்தா, இல்ல அந்த பெயிண்ட் கோடாவது போட்டிருந்தா எனக்கு 2,800 மிச்சம், ரோட்டுல போய் இறுக்கியிருந்தா என்னாகுறது?

ரோடுன்னதும் ஞாபகம் வருது. விக்கும்போது "ஆர்டிஓல பேசிக்கலாம் சார்"னு சொன்னாங்க, நம்பாதீங்க. டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடல சோதிச்சு குடுக்குற அரசு ஒப்புதல், இல்லாத வண்டிக்கு நம்பர் வாங்க முடியாது, அது ஒரு வீட்டு ஷெட்ல நடக்குற காரியம் இல்ல. வீட்டு வாசல்ல இருந்து பாத்தா சேர்வராயன் மலை தெரியுது, ஏற்காடு ரோட்ல 20 ஹேர்பின் பெண்டு, அதுக்குன்னே செஞ்ச மாதிரி கார், ஓட்டக் கூடாது! வயிறு எரியுது. மச்சானோட காபி தோட்டத்துக்கு குட்டியானைல ஏத்திட்டு போய் தான் ஓட்டுனேன், உள் ரோட்ல இஞ்சின் அடி ஒரு கல்லுல தட்டுச்சு, மத்தபடி சில்வர் ஓக் நெழல்ல ரெண்டாவது கியர்ல அது போன போக்கு இருக்கே. மாமா மட்டும் "மழ வந்தா என்ன மாப்ள பண்ணுவீங்க"ன்னு கேட்டாரு, அதுக்கு பதில் இல்ல.

வெல்டிங் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா, ஓட்ட சொந்த எடம் இருந்தா வாங்கலாம். பைப்புக்கு ஒம்போது, பேப்பருக்கு சைபர். நான் பட்டத எல்லாம் பழைய டைரில 11 பக்கம் எழுதி வெச்சிருக்கேன், அளவோட. போன வாரம் கிட் காரங்களே போன் பண்ணி, அத போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா சார், புது கஸ்டமர் கேக்குறாங்கன்னு சொன்னாங்க. மொதல்ல என் பின் மட்காட தாங்குற ஸ்டே கம்பி ரெண்டையும் அனுப்புங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.