பால் எங்கே போனது: 'விலங்குப் பண்ணை'யை அட்டவணை இல்லாமல் படிப்பது

ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'யைப் பற்றி இனி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஸ்டாலினைப் பன்றியாக்கிய புத்தகம் என்பது அதைப் படிக்காதவர்களுக்குக்கூடத் தெரியும். சிக்கலே அதுதான். தெரிந்த கதைதானே என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம், இல்லையென்றால் இந்தப் பன்றி இன்ன தலைவர், இந்தக் குதிரை தொழிலாளி வர்க்கம் என்று அட்டவணை போட்டு, தேர்வுக்குப் படிப்பதுபோல் முடித்துவிடுகிறோம். அட்டவணையைத் தூரப் போட்டுவிட்டுப் படித்தால் இது பொய் சொல்லும் தொழில்நுட்பத்தைப் பற்றிய புத்தகம். அந்த வகையில் ஐந்துக்கு நாலரை தருவேன். அரை ஏன் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தில் ஒரு பண்ணை. முதலாளி ஜோன்ஸ் குடித்துவிட்டுத் தீனி போடாமல் விட்ட ஒரு நாளில் பசி தாங்காத மிருகங்கள் அவரை விரட்டிவிட்டுப் பண்ணையை எடுத்துக்கொள்கின்றன. எல்லா மிருகமும் சமம் என்பது உட்பட ஏழு கட்டளைகள் சுவரில் எழுதப்படுகின்றன. படிப்பறிவு உள்ள பன்றிகள் நிர்வாகத்துக்கு வருகின்றன. அவற்றில் ஸ்னோபாலுக்கும் நெப்போலியனுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, காற்றாலை கட்டலாமா வேண்டாமா என்பதில் அது முற்றி, நெப்போலியன் ரகசியமாக வளர்த்த நாய்கள் ஸ்னோபாலைத் துரத்தியடிக்கின்றன. அப்புறம் பண்ணையில் நெப்போலியன் வைத்ததுதான் சட்டம்.

பெரும்பாலானவர்கள் இதை நல்ல பன்றிக்கும் கெட்ட பன்றிக்கும் நடந்த சண்டையாகப் படிக்கிறார்கள். ஸ்னோபால்தான் ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான, ஸ்டாலினிடம் அதிகாரத்தை இழந்த ட்ராட்ஸ்கி, பாவம், அவர் ஜெயித்திருந்தால் பண்ணை உருப்பட்டிருக்கும் என்று. புத்தகம் அப்படிச் சொல்லவே இல்லை. புரட்சி நடந்த முதல் நாளே மாடுகளைக் கறக்கிறார்கள், ஐந்து வாளி பால் நுரைத்துக்கொண்டு நிற்கிறது, எல்லோரும் வயலுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வந்தால் பாலைக் காணோம். சில பக்கங்கள் கழித்துத்தான் தெரிகிறது, அது தினமும் பன்றிகளின் தீனியில் கலக்கப்படுகிறது. அடுத்து, காற்றில் விழுந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. எல்லாப் பன்றிகளும் இதற்குச் சம்மதம், ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான், ஆர்வெல் அதை ஒற்றை வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். 1946இல் அமெரிக்க நண்பர் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் கதையின் திருப்புமுனையே இந்தப் பாலும் ஆப்பிளும்தான், அன்றைக்கே மற்ற மிருகங்கள் தடுத்திருந்தால் சரியாகிப் போயிருக்கும் என்று விளக்கியும் இருக்கிறார். அதாவது பிற்பாடு நடக்கும் அதிகாரச் சண்டை, ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டவர்களுக்குள் நடக்கும் சண்டை.

இந்த ஆப்பிள் விவகாரத்தை மிருகங்களுக்கு விளக்க வருகிறவன்தான் ஸ்குவீலர் என்ற பன்றி. என்னைக் கேட்டால் புத்தகத்தின் கதாநாயகன் இவன். நெப்போலியன் அதிகம் பேசுவதே இல்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்குவீலரின் அந்த முதல் பேச்சைப் பிரித்துப் பாருங்கள். எங்களில் பலருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்காகத்தான் கஷ்டப்பட்டுச் சாப்பிடுகிறோம் என்று தியாகத்தில் தொடங்குகிறான். பன்றியின் உடலுக்குத் தேவையான சத்து இவற்றில் இருக்கிறது, இது நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம் என்று நடுவில் ஒரு போடு. கடைசியில், நாங்கள் சோர்ந்துபோனால் என்ன ஆகும் தெரியுமா, ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான்! அவ்வளவுதான், கூட்டம் வாயை மூடிக்கொள்கிறது. புத்தகம் முழுக்க இவன் செய்வது இதே மூன்று அடுக்குப் பேச்சுதான், சூழ்நிலைக்கு ஏற்றபடி அளவு மட்டும் மாறும். விஞ்ஞானம் எடுபடாத இடத்தில் புள்ளிவிவரம். உற்பத்தி 200 சதவீதம் கூடிவிட்டது, 300 சதவீதம், 500 சதவீதம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தாளைப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். பழைய நிலவரம் சரியாக ஞாபகம் இல்லாததால் மிருகங்களால் மறுக்க முடியாது, இந்த எண்களைக் குறைத்துத் தீனியைக் கொஞ்சம் கூட்டினால் தேவலை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வதோடு சரி.

பேச்சு மட்டும் போதாது என்பதையும் ஆர்வெல் மறக்கவில்லை. காற்றாலையை எதிர்த்த நெப்போலியன் ஸ்னோபால் போனபின் அதையே கட்டச் சொல்கிறான், அது முதலிலிருந்தே அவன் திட்டம்தான், எதிர்த்ததுபோல் நடித்தது ஸ்னோபாலை ஒழிக்கச் செய்த தந்திரம் என்று ஸ்குவீலர் வால் ஆட்டிக்கொண்டு விளக்குகிறான். மிருகங்களுக்கு அது சரியாகப் புரியவில்லை. ஆனால் தற்செயலாக அவனோடு வந்திருந்த மூன்று நாய்கள் உறுமுகின்றன, எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? படிப்புச் சொல்லித் தருகிறேன் என்று நெப்போலியன் ஒன்பது நாய்க்குட்டிகளை, அவை பால்குடி மறந்ததும் தாய்களிடமிருந்து பிரித்துப் பரணில் கொண்டுபோய் வைத்தான், பண்ணை அவற்றை மறந்தே போய்விட்டது. பால் போன மர்மம் விளங்குவது அதே இடத்தில்தான். வயிறும் படையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிடுகின்றன, முதல் வாசிப்பில் இரண்டுமே கண்ணில் படாது.

ஸ்னோபாலின் கடந்த காலத்தை அழிக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பண்ணையைத் திரும்பப் பிடிக்க வந்த ஜோன்ஸோடு நடந்த மாட்டுத்தொழுவச் சண்டையில் முன்னால் பாய்ந்து, முதுகில் குண்டடி பட்டு, பதக்கமும் வாங்கியவன் அவன். முதலில் அவன் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்கிறார்கள். அப்புறம் பதக்கமே கொடுக்கவில்லை என்கிறார்கள். அப்புறம் கோழைத்தனத்துக்காகக் கண்டிக்கப்பட்டான், கடைசியில் ஜோன்ஸின் பக்கமே நின்று சண்டை போட்டான். ஒரே நாளில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஒவ்வொரு படியாக இறக்கினால் நம்புவார்கள். பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை மட்டும் ரத்தம் வழிந்ததை நானே பார்த்தேனே என்று முனகுகிறது. தோழர் நெப்போலியன் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார் என்றதும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடங்கிவிடுகிறது. ஆனாலும் ஸ்குவீலரின் கண் அதன்மேல் விழுந்துவிட்டது, சில நாளில் நாய்கள் பாக்ஸர்மேல் பாய்கின்றன. ஒரு நாயைக் குளம்புக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொல்லட்டுமா விடட்டுமா என்று அது நெப்போலியனின் முகத்தைத்தான் பார்க்கிறது. அந்த ஒரு மிதியில் எல்லாம் முடிந்திருக்கும்!

இதெல்லாம் கற்பனை இல்லை. 1920இல் மாஸ்கோவில் லெனின் மேடையில் பேசும் புகழ்பெற்ற புகைப்படத்தில் பக்கத்தில் நின்ற ட்ராட்ஸ்கி பின்னாளில் நீக்கப்பட்டார். 1929இல் நாடு கடத்தப்பட்டு, 1940இல் மெக்சிகோவில் கொல்லப்பட்டார். செய்யாத குற்றங்களைத் தாங்களாகவே ஒப்புக்கொண்டு பண்ணை முற்றத்தில் கழுத்து கிழிபடும் மிருகங்கள் 1936 முதல் 1938 வரை ஸ்டாலின் தன் எதிரிகள்மேல் நடத்திய மாஸ்கோ வழக்குகள். முட்டை தரமாட்டோம் என்று உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து முட்டையிட்டு உடைக்கும் கோழிகளுக்குத் தீனி நிறுத்தப்படுகிறது, ஐந்து நாளில் ஒன்பது சாகின்றன, நோய் என்று அறிவிக்கிறார்கள். தானியத் தொட்டிகளில் மணலை நிரப்பி மேலே மட்டும் தானியத்தைத் தூவி வெளியாளுக்குக் காட்டும் இடமும் உண்டு. 1932-33இல் உக்ரைனில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது அங்கே பஞ்சம் இல்லை என்று எழுதிய வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள்.

இத்தனை கோபத்திலும் ஆர்வெல் நியாயம் பார்த்திருக்கிறார். காற்றாலை வெடித்துச் சிதறும் இடத்தில் நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் தரையில் விழுந்தன என்றுதான் முதலில் இருந்தது. 1941இல் ஜெர்மானியர்கள் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டுப் போகவில்லையே என்று, நெப்போலியனைத் தவிர எல்லாம் விழுந்தன என்று அச்சுக்குப் போகுமுன் மாற்றச் சொன்னார்.

புத்தகம் வெளிவந்த கதையும் இன்னொரு நாவல். 1944 தொடக்கத்தில் எழுதி முடித்தபோது சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளி, யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். ஒரு பதிப்பாளர் பிரிட்டிஷ் தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கினார், அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்பது பிற்பாடு தெரியவந்தது. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட், பன்றிகள்தான் புத்திசாலிகள், ஆகவே தேவை கம்யூனிசம் அதிகமாவது இல்லை, பொதுநலம் உள்ள பன்றிகள்தான் என்ற வாதம் எழும் என்று எழுதி மறுத்தார். ஸ்குவீலரே எழுதியிருக்கலாம் அந்தக் கடிதத்தை. ஒருவழியாக 1945 ஆகஸ்ட் 17 அன்று வந்தது.

இப்போது அந்த அரை மதிப்பெண். பன்றிகளைத் தவிர வேறு யாருக்கும் இதில் மூளை இல்லை. ஆடுகள் கத்துகின்றன, கோழிகள் மறக்கின்றன, குதிரைகளுக்கு எழுத்து ஏறவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் பாக்ஸரை வண்டி ஏற்றும்வரை வாயே திறப்பதில்லை. உழைக்கிறவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது, அது உண்மையும் இல்லை. பெண் குதிரை குளோவர் குன்றின்மேல் உட்கார்ந்து, நாம் ஆசைப்பட்டது இது இல்லையே என்று நினைக்கும் அருமையான பகுதி ஒன்று உண்டு. அவளுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம். நடுவில் காற்றாலையைக் கட்டுவதும் இடிவதும் மறுபடி கட்டுவதும் கொஞ்சம் இழுக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு: ஆர்வெல் இறந்தது 1950இல், இந்தியச் சட்டப்படி 2011இலிருந்து பதிப்புரிமை இல்லை. அதனால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். என்னிடம் உள்ள மலிவு ஆங்கிலப் பதிப்பில் எழுத்து எறும்புபோல் இருக்கிறது, போதாக்குறைக்குப் பாக்ஸருக்கு என்ன ஆகிறது என்பதைப் பின்னட்டையிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும், 1947இல் வந்த உக்ரைனியப் பதிப்புக்கு ஆர்வெல் எழுதிய முன்னுரையும், 1972வரை அச்சேறாமல் கிடந்த பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய முன்னுரையும் பின்னிணைப்பாக உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சிறுவன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிப் போனதைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று உக்ரைனிய முன்னுரையில் சொல்கிறார். தமிழில் க.நா.சு. மொழிபெயர்ப்பு உண்டு, அதற்குப் பின் வேறு சிலரும் செய்திருக்கிறார்கள்.

மிருகக் கதை என்று சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் தாராளமாகத் தரலாம். 1954இல் வந்த கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்து எடுக்கவைத்த படம் அது, முடிவை மாற்றி மிருகங்கள் பன்றிகளுக்கு எதிராகத் திரண்டு எழுவதாக வைத்துவிட்டார்கள். நாவலில் கடைசியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். அந்த மனிதர்களும் படத்தில் காணாமல் போய்விட்டார்கள்.