பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம்: எந்த வழியில் பிள்ளைக்குத் துணை அதிகம்?

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளை கல்லூரிப் பாடம் எடுக்கப் போகிறது என்றால், நம் வீடுகளில் பேச்சு கிரெடிட் (பாடத்தை முடித்தால் பட்டத்துக்குச் சேரும் புள்ளி) கணக்கைச் சுற்றியே வரும். எத்தனை கிரெடிட் கையில் வரும், எத்தனை டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான்காவது வாரத்தில் பிள்ளை தடுமாறினால் அது முதலில் யார் கண்ணில் படும்? பாடத்தின் பெயரும் எண்ணும் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். கூட நிற்கும் ஆட்கள்தான் வழிக்கு வழி வேறு.

முதல் வழி, கல்லூரி வளாகத்துக்கே போய் மற்ற கல்லூரி மாணவர்களோடு உட்கார்வது. மினசோட்டா 1985-இல் தொடங்கிய பிஎஸ்இஓ திட்டம், வாஷிங்டன் மாநிலம் 1990-இல் சட்டமாக்கிய ரன்னிங் ஸ்டார்ட் திட்டம் இரண்டும் இந்த வகை. இரண்டாவது, சொந்தப் பள்ளி வகுப்பறையிலேயே, கல்லூரி ஒப்புக்கொண்ட பள்ளி ஆசிரியர் கல்லூரிப் பாடம் நடத்துவது. வாஷிங்டனில் இதன் பெயர் காலேஜ் இன் தி ஹை ஸ்கூல். மூன்றாவது, ஏர்லி காலேஜ் ஹை ஸ்கூல். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளிப் படிப்பு முடியும்போது இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கையில் வாங்கும்படி அமைத்த பள்ளி. டெக்சாஸில் 60 செமஸ்டர் மணி (செமஸ்டர் முறையில் கிரெடிட்) வரை போகலாம்.

தடுமாறினால் யாருக்குத் தெரியும்?

வளாக வழியில், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பேராசிரியர் மதிப்பெண்ணை கேன்வாஸ் என்னும் வகுப்பு இணையதளத்தில் ஏற்றிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் கல்லூரிகள் உண்டு. அது போய்ச் சேர்வது கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் பெட்டிக்கு, பதினாறு வயதுப் பிள்ளை திறந்தே பார்க்காத இடத்துக்கு. "நான் போய் டீச்சரைப் பார்த்துப் பேசிட்டு வரேன்" என்று அம்மா கிளம்பினாலும் பயனில்லை. 1974-இன் ஃபெர்பா என்னும் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள பதிவுகளின் உரிமை வயது எதுவானாலும் மாணவருக்கே. பிள்ளை கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் கல்லூரிக் கோப்பில் இருந்தால் பேச்சு சுலபமாகும். பதினெட்டு வயதுக்குள் என்றால், பள்ளிக்கு வந்து சேரும் மதிப்பெண்ணைப் பெற்றோர் பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அது வருவது குவார்ட்டர் என்னும் கல்லூரிப் பருவம் முடிந்த பிறகு.

ரன்னிங் ஸ்டார்ட்டில் காலம் ரொம்பக் குறைவு. ஒரு குவார்ட்டர், தேர்வு வாரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 11 வாரம். 5 கிரெடிட் பாடம் என்றால் வாரம் 5 மணி வகுப்பு, வீட்டில் குறைந்தது 10 மணி உழைப்பு. மூன்று பாடம் எடுத்தால் வாரம் 45 மணி, ஒரு முழுநேர வேலையை விட அதிகம். அந்த 5 கல்லூரிக் கிரெடிட் பள்ளிக் கணக்கில் 1 முழுக் கிரெடிட், அதாவது ஓராண்டுப் பாடம். பள்ளிப் படிப்பை முடிக்க வாஷிங்டன் மாநிலம் கேட்கும் 24 கிரெடிட்டில் ஒன்று பத்துப் பதினோரு வாரத்தில் கைக்கு வரும், அதே வேகத்தில் கைவிட்டும் போகும். எஃப் (தோல்வி) விழுந்தால் பள்ளி, கல்லூரி இரண்டு டிரான்ஸ்கிரிப்டிலும் (மதிப்பெண் பதிவேட்டிலும்) ஏறும்.

கால்குலஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மிட்டர்ம் (இடைத்தேர்வு) மூன்றாம் வாரக் கடைசியில், மதிப்பெண் நான்காம் வாரத்தில். எஃப் விழாமல் டபிள்யூவோடு, அதாவது விலகியதாக மட்டும் குறிக்கும் எழுத்தோடு, விலகும் கடைசி நாள் பல கல்லூரிகளில் ஏழாம் வாரத்தை ஒட்டி. நடுவில் இருப்பது மூன்றே வாரம். கணக்கு டியூட்டரிங் மையத்துக்கு அந்த நான்காம் வாரமே போக வேண்டும், அதுவும் போட்டுப் பார்த்து நடுவில் நின்றுபோன கணக்குகளோடு. வெற்றுத் தாளோடு போனால் அங்கே யாரும் வீட்டுப்பாடம் போட்டுத் தரமாட்டார்கள். கட்டுரை திருத்த உதவும் ரைட்டிங் சென்டரில் கடைசி இரண்டு வாரம் இடம் கிடைப்பது கஷ்டம். முன்பதிவை குவார்ட்டர் நடுவிலேயே போட்டுவிட வேண்டும். இவை எல்லாம் மாணவருக்கு இலவசம்தான். தானாகக் கதவைத் தட்டும் பிள்ளைக்குத்தான் பயன்.

சொந்தப் பள்ளியில் நடக்கும் வகுப்பில் இந்தக் கவலை பாதியாகக் குறையும். ஆசிரியருக்குப் பிள்ளையைப் பெயரோடு தெரியும், கவுன்சிலர் அதே கட்டடத்தில், மதிப்பெண் பெற்றோர் பார்க்கும் தளத்தில். பாடத்தை ஓராண்டாக நீட்டி நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஓட்டை இருப்பது நிர்வாகப் பக்கம். பிள்ளை இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் வகுப்பை மாற்றிவிட்டு, கல்லூரிப் பதிவாளரிடம் விலகல் கொடுக்க மறந்தால், அங்கே பெயர் அப்படியே நிற்கும், கடைசியில் எஃப் வரும். தலைகீழாகவும் நடக்கும்: வருடம் முழுக்கப் படித்து ஏ வாங்கி, கல்லூரிப் பதிவுக்கான நாட்களைத் தவறவிட்டதால் கல்லூரிக் கிரெடிட்டே இல்லாமல் போவது. இரண்டு தேதிகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலக லாகின் உண்டா, இணைய டியூட்டரிங் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் உண்டு, யாரும் சொல்வதில்லை.

ஏர்லி காலேஜில் இந்தத் துணை கால அட்டவணைக்குள்ளேயே வரும். டியூட்டரிங், குறிப்பெடுக்கும் பழக்கம், டெக்சாஸின் டிஎஸ்ஐ தகுதித் தேர்வுக்குத் தயாரிப்பு எல்லாம் பள்ளி நேரத்திலேயே நடக்கும். ஒரு பாடத்தில் சரிந்தால் மற்ற ஆசிரியர்களுக்கும் சேதி போகும். முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்துக் கட்டிய அமைப்பு என்பதால் இந்த அக்கறை. விலையும் உண்டு: எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும், பல இடங்களில் குலுக்கல், பேண்டும் விளையாட்டு அணியும் குறைவு.

ஐஇபி உள்ள பிள்ளை என்றால்

இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐஇபி, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி வகுக்கும் தனித் திட்டம், பள்ளிக்கு உரிய சட்டத்தில் வருவது. கல்லூரி அதற்குக் கட்டுப்பட்டதில்லை. கல்லூரியைக் கட்டுப்படுத்துபவை 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-இன் ஏடிஏ என்னும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டமும். தேர்வில் கூடுதல் நேரம், அமைதியான அறை, குறிப்பெடுக்க உதவி கிடைக்கும். வீட்டுப்பாடத்தைக் குறைப்பதோ வினாத்தாளை எளிதாக்குவதோ கிடையாது. பிள்ளையே ஊனமுற்றோர் சேவை அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும், சான்றுகளைக் கொடுக்க வேண்டும், ஒப்புதல் கடிதத்தை ஒவ்வொரு பருவமும் பேராசிரியர்களுக்குச் சேர்க்க வேண்டும். கடிதம் சேர்வதற்கு முன் எழுதிய தேர்வுக்குச் சலுகை பின்தேதியிட்டு வராது. ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். பள்ளிக்குள் நடக்கும் வகுப்பில் சிறப்புக் கல்வி ஆசிரியர் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். பாடத்தின் தரத்தை மட்டும் அவராலும் தளர்த்த முடியாது.

புத்தகம், பஸ், கையெழுத்து

ரன்னிங் ஸ்டார்ட்டில் டியூஷன், அதாவது கல்லூரிப் பாடக் கட்டணம் இல்லை, ஆனால் புத்தகமும் போக்குவரத்தும் வீட்டுச் செலவு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மற்றக் கட்டணங்களில் விலக்கு உண்டு. மினசோட்டாவில் புத்தகமும் இலவசம். ஒஹாயோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ்ஸில் புத்தகத்தைப் பள்ளி மாவட்டம் பார்த்துக்கொள்ளும், ஆனால் பிள்ளை ஃபெயிலானால் செலவைத் திரும்பக் கேட்கலாம். டெக்சாஸ் ஏர்லி காலேஜில் டியூஷன், மற்றக் கட்டணம், பாடப்புத்தகம் மூன்றும் மாணவர் தலையில் விழாது.

ஆலோசனை விஷயத்தில் வளாக வழிக்கு ஒரு சிக்கல். பள்ளிக் கவுன்சிலருக்குத் தெரிவது பள்ளிப் படிப்பை முடிக்கும் விதி, கல்லூரி அட்வைசருக்குத் தெரிவது பட்ட விதி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவர் நீங்கள்தான். ரன்னிங் ஸ்டார்ட்டில் ஒவ்வொரு குவார்ட்டரும் சரிபார்ப்புப் படிவத்தில் கவுன்சிலர் கையெழுத்து வேண்டும். செப்டம்பர் பாடத்துக்கான கையெழுத்தை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். ஜூலையில் கவுன்சிலர் விடுமுறையில் இருப்பார்.

எங்கள் கணிப்பு இது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தப் பள்ளி வகுப்பே போதும். நாட்குறிப்பைத் தானே பார்த்து, கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு வளாகம், அதுவும் முதல் குவார்ட்டரில் ஒரே ஒரு பாடம். கார் இல்லாத வீடு, பணம் இறுக்கமான வீடு, அமெரிக்கக் கல்லூரி நடைமுறை யாருக்கும் தெரியாத வீடு என்றால் ஏர்லி காலேஜை விடாதீர்கள்.

டாக்டர் கனவு உள்ள வீடுகளுக்கு ஒன்று: மருத்துவக் கல்லூரி விண்ணப்பமான ஏஎம்சிஏஎஸ், பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடத்தின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும், அந்த கிரேடையும் ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரியில்) சேர்க்கும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபியில், 5-க்கு 2 வாங்கினால் அது எந்தக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டிலும் ஏறாது. பதினாறு வயதில் கல்லூரிப் பாடத்தில் வாங்கிய சி அங்கே அப்படியே இருக்கும்.