மீன் வடிவ பீர் குழாய்க் கைப்பிடி: உருவத்துக்கு நாலரை ஸ்டார், அடிப்பக்கத்துக்கு ஒன்று

நான் குடிப்பது அபூர்வம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் அலமாரியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பீர் குழாயைத் திறக்கிற கைப்பிடிகளைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பார்களில் இவை வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தொற்றிய பைத்தியம். டாஸ்மாக்கில் பாட்டிலும் டின்னும்தான் என்பதால் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் பலருக்கு இது என்ன சாமான் என்றே புரியாது. பக்கத்து வீட்டு மாமா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த போட்டோட கியர் ராடு மாப்ள இது?" என்றார்.

இது என் ஏழாவது. பழைய சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 2,800 ரூபாய், கூரியர் தனி. ஏதோ ஓர் அமெரிக்கச் சின்ன ப்ரூவரியின் ட்ரவுட் மீன், ரெசினில் வார்த்தது, ஓரடி உயரம், அரைக் கிலோவுக்குக் குறையாது.

உருவத்தை மட்டும் பார்த்தால் கொடுத்த காசு தகும். செதில்கள் விரல் நுனிக்குத் தட்டுப்படுகின்றன, செவுள் ஓரத்தில் மெல்லிய சிவப்புக்கூட விட்டுவைத்திருக்கிறார்கள். புள்ளியைப் பார்த்துக் களவா மீன் என்று ஒருவரும், வாலைப் பார்த்து அதெல்லாம் இல்லை என்று இன்னொருவரும் எங்கள் திண்ணையில் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். வயிற்றுப் பக்கம் மட்டும் பெயின்ட் தேய்ந்து வெளிறியிருக்கிறது, எங்கேயோ ஒரு பாரில் ஒருவர் கை அதே இடத்தைப் பிடித்து இழுத்து இழுத்து வந்த தேய்மானம். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பிறகு புழங்கியவை சின்ன உருண்டைக் குமிழ்கள், முகப்பில் கம்பெனிப் பெயர் இருக்கும். அப்புறம் இருபது குழாய் நிற்கிற வரிசையில் தன் பீர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று மீன், கோடாரி, நங்கூரம் என வளர்த்துவிட்டார்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் கைப்பிடியின் பாரத்திலேயே குழாய் திறந்துகொள்ளும், அந்தக் கூத்தும் உண்டு.

சரி, குறைக்கு வருகிறேன். அடியில் திருகு ஏறுகிற வளையம் இரும்பு, மேலே பளபளவென்று ஒரு பூச்சு. படத்தில் பித்தளை மாதிரிதான் தெரிந்தது. ஆடிக் காற்றில் ஆறே வாரம் ஜன்னலோரம் இருந்தது, பூச்சு கொப்புளித்து உள்ளேயிருந்து பழுப்பு நீர் வடிந்து மீனின் வால்வரை கோடு போட்டுவிட்டது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்காரர்கள் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட ஊருக்கு இதை அனுப்பினால் வேறென்ன ஆகும்? கடைக்கு எழுதினேன். 400 ரூபாய் திருப்பிப் போட்டார்கள், பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

நிறுத்தி வைக்க போல்ட் தேடியது தனிக் கதை. ஹார்டுவேர் கடையில் பையன் பத்து எம்எம் கொடுத்தான், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. உள்ளேயிருந்த பெரியவர் வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணு நூல் போல்ட் எடுடா, பழைய மரை" என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதேதான்: அமெரிக்கக் கைப்பிடிகளில் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. நம்மூரில் புழங்கிய பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் போல்ட்டும் அதே கணக்கு, மரையின் கோணத்தில் கொஞ்சம் மாறினாலும் அலமாரியில் நிற்க இது போதும். படகு வேலையில் மிஞ்சிய மரத்துண்டில் ஆசாரி துளைபோட்டு போல்ட்டை இறக்கிக் கொடுத்தார், 150 ரூபாய்.

கடலோரத்தில் இருந்துகொண்டு வாங்குகிறவர்கள் அடிப்பக்கப் படம் கேளுங்கள், காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் இரும்பு, விலையைக் குறைத்துப் பேசலாம். அதே கடையில் நங்கூர வடிவம் ஒன்று 3,200-க்குக் கிடக்கிறது, காந்தத்தோடு படம் கேட்டு நாலு நாளாகிறது, இன்னும் பதில் இல்லை.