மட்டக்களப்புக்கு எண்ணெய்: ரயிலா, பவுசரா?

கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் இருந்து மட்டக்களப்புக்குப் பெற்றோலும் டீசலும் தண்டவாளத்திலும் வரலாம், பவுசர் என்கிற எண்ணெய்த் தாங்கி லொறியில் றோட்டாலும் வரலாம். எது ஆபத்துக் குறைவு என்று கேட்டால் நான் ரயில் பக்கம். ஆனால் ஹபரணை, மின்னேரியாக் காட்டைக் கடக்கும் விதம் மாற வேண்டும்.

பெரிய பவுசர் ஒன்று 33,000 லீற்றர் கொள்ளும். ஒரு எண்ணெய் ரயிலின் சுமையைக் கொண்டுவரப் பல பவுசர்கள் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். ஒவ்வொன்றிலும் நித்திரை முழிக்கும் ஒரு சாரதி, முன்னால் பஸ், ஆட்டோ, படுத்திருக்கும் மாடு. டீசல் சிந்தினால் ஓரளவு சமாளிக்கலாம். பெற்றோல் அப்படியல்ல. அதன் ஆவி காற்றைவிடக் கனம். கான் வழியே தாழப் பரவி, தள்ளியிருக்கும் அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும்.

ரயிலில் விபத்து அரிது, நடந்தால் பெரிது. 2013இல் கனடாவின் லாக் மெகான்டிக்கில், கைப்பிரேக் போதாமல் சரிவில் உருண்ட எண்ணெய் ரயில் ஊருக்குள் தடம்புரண்டு எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். அப்புறம் 2015இல் அமெரிக்காவும் கனடாவும் புதுத் தாங்கிகளுக்கு விதி கொண்டுவந்தன: சுமார் 11 மில்லிமீற்றராக இருந்த உருக்குத் தகடு 14க்கு மேல் தடிக்க வேண்டும். நல்ல விஷயம்தான், ஆனால் மட்டக்களப்புச் சமவெளியில் ரயில் தானாக உருளப் போவதில்லை. எங்கள் பிரச்சினை யானை. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் எண்ணெய் ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. நாலு மாதம் கழித்து ஹபரணையில் பயணிகள் ரயிலுக்கும் அதே கதி. தடித்த தகடு எண்ணெய் சிந்துவதைக் குறைக்கும், மோதலைத் தடுக்காது. அதற்கு வேகம் குறைய வேண்டும், அந்தத் துண்டைப் பகலில் கடக்க வேண்டும். டீசல் பிந்தி வந்தால் பயணிகளைப் போல யாரும் சத்தம் போடப் போவதில்லையே.

பவுசரும் அதே காட்டு வழியாக வரலாம். ஆனால் யானையைக் கண்டதும் பவுசர் சாரதி நிறுத்திவிடலாம். எண்ணெய் நிரம்பிய ரயில் பிரேக் போட்ட பிறகும் வெகுதூரம் ஓடும். இந்த ஒரு இடத்தில் பவுசருக்கே புள்ளி.

அம்பாறைக்கோ தெரிவே கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. ரயிலில் வந்த எண்ணெயும் கல்முனை, அக்கரைப்பற்றுக்குப் போக, கல்லடிப் பாலம் ஏறி, காத்தான்குடியின் நெருக்கமான கடைத்தெருவைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்தக் கடைசித் துண்டுக்குப் பவுசர்தான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் அதை அங்கே ஓட்டக்கூடாது.