சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே: நடுவில் இறங்காமல் 15,349 கிலோமீட்டர்

நியூயார்க்கில் மகளுக்குப் பிரசவம். 74 வயது அம்மாவையும் கூட்டிப் போக வேண்டியிருந்ததால், ஃபிராங்க்ஃபர்ட் வழியை விட்டுவிட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தையே பதிவு செய்தேன். நடுவில் இறங்கி ஏறினால் கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஆகும். இதில் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி நேரம்தான்.

நேர் தூரம் என்று பார்த்தால் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகும். எங்கள் விமானம் பசிபிக் கடலுக்கு மேலே கிழக்கு நோக்கிப் போனது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், கொஞ்சம் சுற்றினாலும் சீக்கிரம் போய்விடலாம். இருக்கைத் திரையில் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்தே அம்மா பாதிப் பயணத்தைக் கழித்துவிட்டார்.

ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் வகை விமானம் இது. மொத்தம் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. சாதாரண எகானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமி மலிவில்லை, ஆனால் கால் நீட்ட இடம் இருந்தது. அப்படியும் பன்னிரண்டு மணி நேரம் கழிந்ததும் அம்மாவுக்குப் பாதம் வீங்கிவிட்டது. பெரியவர்களோடு போகிறவர்கள் இறுக்கமான காலுறை வாங்கி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வையுங்கள்.

நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்கினோம். கோடையில் 12 மணி நேர வித்தியாசம் என்பதால் கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. திரும்பவும் இதிலேயே வருகிறோம். இந்தத் தடவை அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை.