கொலாரெஷ், புசேலாஷ், கர்கவேலோஷ்: திராட்சைத் தோட்டத்தைக் காத்தது யார்?

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய மூன்று சிற்றூர்கள். மூன்றும் ஆளுக்கொரு வைனுக்குத் தம் பெயரைக் கொடுத்தவை. கொலாரெஷும் கர்கவேலோஷும் 1908இல், புசேலாஷ் 1911இல் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட வைன் பகுதிகளாயின. நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். எல்லைக்குள் விளைந்த பழமாக இருக்க வேண்டும், சொன்ன ரகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் புட்டியில் ஊர்ப் பெயர் போடலாம்.

மூன்றும் தலைநகரத்தின் வீட்டுமனைப் பசிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டன. ஆனால் தோட்டத்தைப் பிடித்து நிறுத்திய கை ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் கூட்டுறவு, ஓரிடத்தில் வணிகர்கள், ஓரிடத்தில் நகராட்சியே. இவற்றில் எது மேல்?

அதற்கு முன் போர்ச்சுகலின் உள்ளாட்சி அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அடிமட்ட அலகு ‘ஃப்ரெகெசியா’. நம் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்று சொல்வதுதான் அதன் மூலம். கோயில் பங்கின் எல்லையே பிற்பாடு ஊராட்சியின் எல்லையானது. அதை நடத்துவது ‘ஜுந்தா’. கல்லறைத் தோட்டம், சந்தை, குடியிருப்புச் சான்று, நாய் வளர்க்க உரிமம் என்று அன்றாட வேலைகள் அதனிடம் உண்டு. அதற்கு மேலே நகராட்சி. நாடு முழுக்க 308. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எது விவசாயத்துக்கு என்று வகுக்கும் நிலப்பயன்பாட்டுத் திட்டம் நகராட்சியின் கையில். ஜுந்தா தலைவருக்கு நகராட்சிப் பேரவையில் பதவி வழியாகவே ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கே அவர் பலரில் ஒருவர். நம் மூன்று ஊர்களும் இன்று இந்தப் பங்கு நிலையில்தான் இருக்கின்றன. கொலாரெஷ் மட்டும் ஒரு காலத்தில் தனக்கென்று நகராட்சி வைத்திருந்த ஊர்.

அந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே இருக்கிறது கொலாரெஷ். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடியான காபு த ரோக்கா முனை இந்தப் பங்குக்குள்தான் வருகிறது. திராட்சை பயிரிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மூன்றாம் அஃபோன்சோ அரசர் இங்கே நிலம் வழங்கியது 1255இல். 1516இல் முதலாம் மானுவல் அரசர் ஊருக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். ஓர் ஊருக்குத் தன்னாட்சியும் நீதி வழங்கும் அதிகாரமும் உண்டு என்பதன் அடையாளமாக நடுவில் ஒரு கல்தூண் நிறுத்துவார்கள். அந்தத் தூண் கொலாரெஷில் இன்னும் நிற்கிறது.

அதிகாரம்தான் போய்விட்டது. 1836இல் பாசோஷ் மானுவல் அரசாங்கம் எண்ணூறுக்கு மேலிருந்த நகராட்சிகளை 351 ஆகச் சுருக்கியபோதுகூடக் கொலாரெஷ் தப்பியது. 1855இல் தப்பவில்லை, சிந்த்ராவோடு இணைத்துவிட்டார்கள்.

நகராட்சி போன கொஞ்ச காலத்திலேயே வைன் உச்சத்துக்கு ஏறியது, அதுவும் ஒரு பூச்சியால்! 1860களில் போர்ச்சுகலுக்குள் நுழைந்த ஃபைலாக்சிரா, கொடியின் வேரைத் தாக்கி நாட்டின் தோட்டங்களை அழித்துக்கொண்டே வந்தது. கொலாரெஷின் மணலில் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. மற்ற இடங்களில் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப் போட்டால்தான் பயிர் பிழைக்கும் என்றானபோது, இங்கே ரமிஷ்கோ ரகம் தன் சொந்த வேரிலேயே நின்றது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது.

அந்த மணல் தோட்டத்தைப் போட்ட விதம் தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். கொடிக்கு ஊட்டம் கொடுப்பது மணலுக்கு அடியில் இருக்கும் களிமண். அதை எட்டச் சில மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். உள்ளே நின்று வெட்டுகிறவர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொள்வார். மணல் சரிந்து மூடினாலும், ஆட்கள் வந்து இழுக்கும்வரை மூச்சுவிடக் கூடைக்குள் கொஞ்சம் காற்று இருக்கும். களிமண்ணில் குச்சியை நட்டு, அது வளர வளர மணலைத் திரும்பத் தள்ளி மூடுவார்கள். கொடி மேலே வந்ததும் பந்தல் ஏறாது, தரையோடு படரும். கடற்காற்றைத் தடுக்க நாணல் தட்டிகள். பழுக்கும் காலத்தில் சூடான மணலில் குலை வெந்துவிடாதபடி ஒவ்வொரு கிளைக்கும் சிறு குச்சியால் முட்டுக் கொடுப்பார்கள். இவ்வளவும் கைவேலைதான்.

பெயர் பெருத்ததும் போலியும் பெருத்தது. அசலைக் காக்க 1931இல் கொலாரெஷ் வட்டார வைன் கூட்டுறவு பிறந்தது. போர்ச்சுகலின் மிகப் பழைய வைன் கூட்டுறவு இதுதான். பல பத்தாண்டுகள் இந்தப் பெயரில் வைன் ஆக்கும் உரிமையே அதனிடம் மட்டும் இருந்தது. பெயரின் மானத்தை அது காத்தது, சந்தேகமில்லை. ஆனால் பழத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதோடு விவசாயியின் வேலை முடிந்துவிட்டது; தன் தோட்டத்துக்கென்று ஒரு பெயர் எடுக்க அவருக்கு வழியில்லை. அதற்குள் கடற்கரை மணலுக்கு மனை விலை வந்துவிட்டது. மனையை விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் பணத்துக்கு எதிராக ரமிஷ்கோ எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும்? ஆயிரம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த தோட்டம் இன்று சில பத்து ஹெக்டேர்தான். மிச்சத்தைக் காப்பதில் கூட்டுறவோடு சிந்த்ரா-கஷ்கைஷ் இயற்கைப் பூங்காவின் கட்டட விதிகளுக்கும் பங்கு உண்டு.

புசேலாஷின் கதையில் இவ்வளவு திருப்பங்கள் இல்லை. லிஸ்பனுக்கு வடக்கே, திரங்காவ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுண்ணாம்பு கலந்த மண், குளிர்ந்த இரவுகள், அரிந்தோ என்ற வெள்ளைத் திராட்சை. நல்ல வெயில் வருடத்திலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத ரகம் இது. நெப்போலியன் படைகளைத் தடுக்க வந்த பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் வீரர்கள் இந்த வைனோடு பழகிப்போனார்கள். பிறகு இங்கிலாந்தில் ‘லிஸ்பன் ஹாக்’ என்ற பெயரில் விற்றது. (ஜெர்மன் வெள்ளை வைனை ஆங்கிலேயர் ‘ஹாக்’ என்பார்கள்.) நிர்வாகத்தில் ஊர் ஒலிவாய்ஷ் நகராட்சியின் கீழ் இருந்தது. 1886இல் லோரெஷ் நகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. இங்கே வைனைத் தாங்கியது வணிகம். பல வருடங்கள் கிட்டத்தட்ட ஒரே நிறுவனம் அந்தப் பெயரைச் சுமந்தது, பிறகு தனியார் எஸ்டேட்கள் வந்தன. டிராக்டர் போகும் நிலம், சீக்கிரம் விற்றுவிடக்கூடிய வெள்ளை வைன். எனவே கணக்கு கட்டுப்படியாகிறது. மூன்றில் இன்று தன் காலில் நிற்பது இதுதான்.

கர்கவேலோஷ் ஏறக்குறைய முடிந்துபோன கதையாக இருந்தது. தேஜோ ஆறு கடலில் கலக்கும் கரையில், லிஸ்பனிலிருந்து ரயில் ஓடும் வழியில் இருக்கிறது ஊர். ரயில் வந்தால் வீடு வரும், வீடு வந்தால் தோட்டம் போகும். திராட்சை ரசம் புளிக்கும்போது திராட்சைச் சாராயம் சேர்த்துப் பல வருடம் பீப்பாயில் ஊறவிடும் இனிப்பு வைன் இது. (பீப்பாய் என்ற சொல்லே போர்ச்சுகீசிய ‘பிப்பா’ நமக்குக் கொடுத்ததுதான்.) பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் தலைமை அமைச்சராக இருந்த பொம்பால் பிரபுவுக்குப் பக்கத்து ஊரான ஒய்ராஷில் பெரிய எஸ்டேட் இருந்தது. 1756இல் தோரோ பள்ளத்தாக்கின் போர்ட் வைனுக்கு நிறுவனம் அமைத்து எல்லை வகுத்தவர் அவர்தான்.

அந்த எஸ்டேட் நிலத்தில்தான் திருப்பம் வந்தது. அங்கே அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால் மண் மனையாகாமல் தப்பியது. ஒய்ராஷ் நகராட்சி வேளாண் துறையோடு சேர்ந்து அங்கே வைன் ஆக்கத் தொடங்கியது. ‘வில்லா ஒய்ராஷ்’ என்ற பெயரில் அதை விற்பதும் நகராட்சிதான். பொம்பாலின் அரண்மனையை ஒட்டிய பழைய நிலவறையில் பீப்பாய்கள் ஊறுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: கர்கவேலோஷ் பங்கு இருப்பது கஷ்கைஷ் நகராட்சியில். ஊர் ஒரு நகராட்சியில் இருக்க, அதன் பெயர் கொண்ட வைனை மீட்டது அடுத்த நகராட்சி. வைன் எல்லை இரண்டு நகராட்சிகளிலும் பரவியிருப்பதால் சட்டப்படி இது சரியே.

இப்போது தராசில் வைக்கலாம். பிழைக்கும் வழி என்று பார்த்தால் புசேலாஷின் வணிகம்தான் முந்துகிறது. ஆனால் அந்த வழி கொலாரெஷுக்குப் பொருந்தாது. கூடை கவிழ்த்துத் தோண்டும் மணலில் எந்தக் கணக்குப்பிள்ளையும் லாபம் காட்ட முடியாது. கூட்டுறவு பெயரைக் காக்கும், நிலத்தைக் காக்க அதற்குப் பலம் போதாது. நிலத்தைக் காக்க அதிகாரமும் பணமும் சேர்ந்து வேண்டும், அது இருப்பது நகராட்சியிடம். நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது, அடுத்து வருபவருக்குத் தோட்டத்தில் அக்கறை இல்லாமல் போகலாம் என்ற பயம் நியாயமானதுதான். இருந்தாலும் என் ஓட்டு ஒய்ராஷ் வழிக்கு, கொலாரெஷின் மணலுக்காக. மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சிந்த்ரா நகராட்சி, 1855இல் தன்னோடு இணைத்துக்கொண்ட ஊருக்குச் சில ஹெக்டேர் ரமிஷ்கோ நட்டுக்கொடுக்க வேண்டும். குழி தோண்டத் தெரிந்த கைகள் ஊரில் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.